இரும்பும் தேங்காயும்



கி.பி. 673ஆம் ஆண்டளவில் சீன நாட்டுப் பௌத்தத் துறவி ஒருவர் கடாரத்தில் கப்பலேறி வடதிசை நோக்கி வந்துகொண்டிருந்தார். இத்சிங் என்பது அவர் பெயர். நாளந்தாவில் கற்க வேண்டும் என்பது அவருடைய வேட்கை. பத்து நாள்களுக்கு மேல் கடலில் வந்தபின் தீவு ஒன்று தென்பட்டது. கரை நெடுகத் தென்னையும் கமுகும் அடர்ந்திருந்தன. கப்பலைக் கண்டதும் தீவு மக்கள் நூறு படகுகள் அளவில் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு வந்து சூழ்ந்தனர். தேங்காய், வாழைப்பழம், பிரம்பாலும் மூங்கிலாலும் முடைந்த பொருள்கள் ஆகியவற்றை விற்க வந்தவர்கள் அவர்கள். வணிகர்கள் விளையாட்டாகத் துணியை நீட்டினால் வேண்டா எனக் கையசைத்தார்களாம். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. அது இரும்பு. இரண்டு விரல் அளவுள்ள இரும்புத் துண்டுக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் வரை கொடுத்தார்கள் என்று இத்சிங் எழுதி வைத்திருக்கிறார்.

அத்தீவு நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்று என்பது அறிஞர் கருத்து. முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று சொல்வதும் இத்தீவுக் கூட்டத்தையே. இத்சிங் வந்து போய் ஏறக்குறைய முந்நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தபின் சோழர் மரக்கலங்கள் அவ்வழியே சென்றன. அவற்றின் ஆணிகளையும் நங்கூரங்களையும் கண்டு கரையில் நின்றவர்கள் என்ன விலை மதித்திருப்பார்கள்! நம் வீட்டு அடுக்களையில் கரிபிடித்துக் கிடக்கும் ஒரு பழைய தோசைக்கல்லை அன்று நக்கவாரத்துக் கரையில் இறக்கியிருந்தால் ஒரு தென்னந்தோப்பின் காய்ப்பையே கொடுத்திருப்பார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

மும்பையிலும் கொல்கத்தாவிலும் தில்லியிலும் வாழும் தமிழன்பர்கள் பலர் ஊரைவிட்டு வந்தபோது அத்தகைய ஒரு கல்லையோ இருப்புச்சட்டியையோ பணியாரக்கல்லையோ மூட்டையில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தவர்கள். இரும்பு கிடைக்காத ஊரா தில்லி? ஆனாலும் கொண்டுவந்தார்கள். தாயும் பாட்டியும் பழக்கிய கல் கடையில் விலைக்குக் கிடைப்பதில்லை என்பதே காரணம். அந்தப் பழக்கம் என்பது யாது, அதற்கு எதிரியாக நிற்கும் துரு என்பது யாது என்று அறிய விரும்புவோர்க்கு அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் வரலாற்றைப் போல் நல்ல பாடம் வேறில்லை. இரும்பு மிக அரிதாக இருந்த இடமும், கிடைத்த இரும்பு மிக விரைவில் அழிகின்ற இடமும் அதுவே.

முதலில் அந்தமானைப் பார்ப்போம். அத்தீவுகளின் மண்ணில் இரும்பின் கூறு இல்லாமல் இல்லை. அங்குள்ள பழங்குடி மக்கள் மஞ்சள் நிறக் காவிமண்ணை எடுத்துச் சுட்டுச் செங்காவி ஆக்குவார்கள். அதனைப் பன்றிக் கொழுப்பிலோ ஆமைக் கொழுப்பிலோ குழைத்து உடம்பில் பூசிக்கொள்வார்கள். அந்தச் செங்காவி வேறொன்றும் அன்று, துருவுக்கு உடன்பிறந்தது, இரும்பும் பிராணவாயுவும் கலந்த பொருள். அதிலிருந்து இரும்பைப் பிரித்தெடுக்கும் உலைக்களம் மட்டும் அங்கே தோன்றவில்லை. நெருப்பை அவியாமல் காப்பதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். ஒரு முகாமிலிருந்து மறுமுகாமுக்குக் கொள்ளிக்கட்டையைச் சுமந்து செல்வார்கள். மண்ணால் சட்டி செய்து, அதைச் சுமக்கப் பிரம்புக் கூடும் பின்னிக்கொள்வார்கள். அத்தனையும் இருந்தும் இரும்பு கடலிலிருந்தே வரவேண்டியிருந்தது.

கடல் அதைக் கொடுக்கவும் செய்தது. புயலில் சிக்கிய கப்பல்கள் பவளப் பாறைகளில் மோதி உடைந்தன. 1844ஆம் ஆண்டு நவம்பரில் பிரிட்டன், ரன்னிமீட் என்ற இரு படைக்கப்பல்களை ஒரே புயல் அந்தமான் கரையில் தூக்கி எறிந்தது. இவ்வாறு ஒதுங்கும் கப்பல்களின் ஆணியும் பட்டையும் வளையமும் தீவு மக்களின் கையில் அம்புமுனையாகவும் வாய்ச்சியாகவும் மாறின. எட்வர்ட் ஹொரேஸ் மான் என்ற ஆங்கில அதிகாரி 1880களில் அவர்களுடைய வாழ்க்கையை விரிவாக எழுதினார். ராட்கிளிஃப் பிரௌன் என்ற மானிடவியலார் 1906 முதல் 1908 வரை அங்கே தங்கி ஆராய்ந்து 1922இல் நூல் வெளியிட்டார். இவர்கள் எழுதியவற்றால் ஒரு செய்தி தெரியவருகிறது. தீவு மக்கள் இரும்பை உலையில் காய்ச்சி அடிக்கவில்லை. சிப்பியையும் கல்லையும் எவ்வாறு தட்டித் தேய்த்துக் கூராக்கினார்களோ அவ்வாறே இரும்பையும் குளிர்ந்த நிலையிலேயே தட்டித் தேய்த்தார்கள். புதிய பொருள் பழைய கைக்குப் பழகியது என்று சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் மிகப் பழங்கதை என்று எண்ணிவிட வேண்டா. 1974இல் வட சென்டினல் தீவுக்குப் படம் எடுக்கச் சென்ற குழுவினர் கரையில் சில பொருள்களை வைத்துவிட்டு விலகி நின்றனர். பொம்மையையும் கட்டிவைத்த பன்றியையும் தீவினர் மண்ணில் புதைத்துவிட்டனர். தேங்காயையும் அலுமினியப் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டனர். 1981 ஆகஸ்டில் பிரிம்ரோஸ் என்ற சரக்குக் கப்பல் அத்தீவின் பாறையில் ஏறி நின்றுவிட்டது. மாலுமிகள் மீட்கப்பட்டனர், கப்பல் அங்கேயே கிடந்தது. அதன் இரும்பு சென்டினல் மக்களுக்குப் பயன்பட்டது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இத்சிங் கண்ட வேட்கை அக்கடலில் இன்னும் தணியவில்லை போலும். அத்தீவை ஐந்து கடல் மைலுக்குள் அணுகுவதை இன்று சட்டம் தடுக்கிறது. அவர்களை அவர்கள் போக்கில் விடுவதே முறை என்ற கருத்துக்கு அரசாங்கம் வந்திருக்கிறது, நன்று.

நக்கவாரத்தாரின் அடுக்களை வேறு வகையில் அமைந்தது. அங்கே சமையலுக்கு மட்பாண்டமே தலைமை பெற்றது. அதுவும் எல்லாத் தீவிலும் வனையப்படவில்லை. சௌரா என்னும் மிகச் சிறிய தீவில்தான் பானை வனைவார்கள். வனைபவர்கள் பெண்கள். வேடிக்கை என்னவென்றால் சௌராவில் களிமண்ணே கிடையாது. அண்டையிலுள்ள தெரசா தீவிலிருந்து படகில் கொண்டுவர வேண்டும். மண் உள்ள தீவு வனையாது. மண் இல்லாத தீவு வனைந்து விற்கும். வேறு எங்கேனும் வனைந்தால் கேடு விளையும் என்பது அவர்கள் நம்பிக்கை. தாழையினத்துப் பழத்தை ஆவியில் வேகவைக்கச் சௌராப் பானையே வேண்டும் என்று மற்றத் தீவினர் தேடி வந்து வாங்கிச் சென்றனர். இப்படிப்பட்ட பானை வாணிகத்தின் நடுவே கப்பலில் வந்த இரும்புச் சட்டி எவ்வளவு பெரிய செல்வமாகத் தோன்றியிருக்கும்! விழுந்தால் உடையும் மண்ணுக்கு நடுவே அது நெடுநாள் நிற்கும் பொருள் அல்லவா?

நிற்கும் என்றேன். ஆனால் அந்தக் கடற்காற்றில் அது தானாக நிற்பதில்லை. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிறைச்சாலைக்குள் போனால் போதும்.

1858 மார்ச் 10ஆம் நாள் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் என்ற மருத்துவ அதிகாரி இருநூறு கைதிகளோடு போர்ட் பிளேரில் வந்திறங்கினார். முந்திய ஆண்டு வடநாட்டில் எழுந்த பெரும் புரட்சியின் விளைவு அது. அன்றுமுதல் தீவுகளுக்கு இரும்பு கப்பல் கப்பலாக வந்தது. இரண்டு விரல் அளவு இரும்புக்குப் பத்துத் தேங்காய் கொடுத்த கடற்பகுதியில் இப்போது மனிதனின் காலுக்கு விலங்காகவும் கதவுக்குக் கம்பியாகவும் இரும்பு வந்து குவிந்தது. 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்த செல்லுலர் சிறைச்சாலை அதன் உச்சம்.

அச்சிறையில் அரசியல் கைதிகள் செய்த வேலைகளுள் மிகக் கொடியது செக்காட்டுதல். மாட்டைக் கட்டும் இடத்தில் மனிதனைக் கட்டினார்கள். கொப்பரையை இட்டு நாள் ஒன்றுக்கு முப்பது ராத்தல் தேங்காயெண்ணெய் எடுத்தாக வேண்டும். இன்றைய அளவில் ஏறத்தாழப் பதின்மூன்றரைக் கிலோ. கடுகு என்றால் பத்து ராத்தல். அளவு குறைந்தால் தண்டனை உண்டு.

வங்கத்துப் புரட்சி வீரர் பாரீந்திர குமார் கோஷ், அரவிந்தரின் இளவல், அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று 1909இல் அங்கே அனுப்பப்பட்டார். விடுதலை பெற்று வந்தபின் அவர் எழுதிய சிறை நினைவுகள் ஆங்கிலத்தில் 1922இல் நம் புதுச்சேரியில் அச்சாயின. காலையில் கிடைத்த உணவைக் கஞ்சி என்ற பெயராலேயே அவர் சொல்கிறார். தமிழ்ச் சொல் ஒன்று சிறைச்சாலை வழியாக வங்கத்து இளைஞரின் நூலில் ஏறியது இப்படி! தேங்காய்ச் சிரட்டையால் செய்த அகப்பையில் ஓர் அகப்பைக் கஞ்சி; அவ்வளவே. அக்கஞ்சியை ஏந்திக்கொள்ளக் கொடுத்த பாத்திரங்களைப் பற்றியும் அவர் குறிப்பிடுகிறார். அவை இரும்புத் தட்டும் இரும்புக் கிண்ணமும். துருவேறிச் சிவந்தவை, எண்ணெய்ப் பிசுக்கு ஏறியவை.

இந்தச் செய்தியைப் படிப்பவர் சற்று நின்று எண்ண வேண்டும். நாள்தோறும் முப்பது ராத்தல் எண்ணெய் எடுக்கும் மனிதனின் தட்டு துருப்பிடித்திருக்கிறது! எண்ணெய் இல்லாமையால் அன்று. எண்ணெய் மேலே படிந்துதான் இருக்கிறது. பின் ஏன் துரு? அடுப்பு இல்லை. துருவைத் தேய்த்து எடுக்கப் பொழுதும் இல்லை. நெருப்பில் காயவைக்க இடமும் இல்லை. துருவின்மேல் குளிர்ந்த எண்ணெயைப் பூசினால் அது அழுக்கோடு அழுக்காகச் சேருமேயன்றிக் காவலாகாது. இரும்பு உண்டு, எண்ணெய் உண்டு, தனக்கென்று ஓர் அடுப்பு இல்லை. சிறை என்பதற்கு இதைவிடத் துல்லியமான அடையாளம் காட்ட முடியுமா என்று எனக்குத் தோன்றுகிறது. விலங்கையும் தூக்குமேடையையும் காட்டும் காட்சிச்சாலைகள் இப்படிப்பட்ட ஒரு தட்டையும் முன்வரிசையில் வைக்கலாம்.

இரும்பு, எண்ணெய், நெருப்பு ஆகிய மூன்றும் கூடும்போது நிகழ்வது என்ன? இதைச் சிறிது விளக்க வேண்டும்.

இரும்பு ஈரமும் பிராணவாயுவும் சேர்ந்த இடத்தில் துருவாகிறது. இது யாவரும் அறிந்தது. உப்பு இதில் இரண்டு வேலை செய்கிறது. ஈரத்தில் கரைந்து மின்னோட்டத்துக்கு வழி செய்து துருவை விரைவுபடுத்துவது ஒன்று. மற்றொன்று சற்று நுட்பமானது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபத்தைந்தைத் தாண்டினால் உப்புத்தூள் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கசிய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் உப்புச் சாடி நீர்விடுவதை நம் வீடுகளில் காண்கிறோம் அல்லவா? அந்தமானில் ஆண்டின் பெரும்பகுதி அந்த நிலைதான். ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் அளவில் மழை பொழியும் இடம் அது. எனவே கடற்காற்றில் வரும் நுண்ணிய உப்பு, கழுவித் துடைத்து வைத்த சட்டியின்மேல் படிந்து, தானே ஈரத்தை வரவழைத்துக்கொள்ளும். நீர் படாத சட்டியும் அங்கே துருப்பிடிக்கும்.

இனி எண்ணெய்க்கு வருவோம். எண்ணெயை மிக மெல்லியதாகப் பூசி இரும்பை நன்றாகக் காய்ச்சினால், எண்ணெயின் நுண்கூறுகள் பிராணவாயுவோடு கூடி ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியான கரும்படலமாகும். கழுவினாலும் போகாது, இரும்போடு ஒட்டி நிற்கும். இதைத்தான் நம் பெண்மணிகள் கல்லைப் பழக்குதல் என்றார்கள். புதிய மாட்டை நுகத்துக்குப் பழக்குவது போல என்று பொருள் கொள்ளலாம். சொல்லின் அழகே அழகு.

ஆனால் எல்லா எண்ணெயும் ஒரே அளவில் இவ்வாறு இறுகுவதில்லை. எண்ணெயின் இப்பண்பை அயோடின் எண் என்று ஒன்றால் அளப்பார்கள். எண் உயர உயர, காய்ந்து இறுகும் தன்மையும் உயரும். வண்ணப்பூச்சுக்கு உதவும் ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170க்கு மேல். நல்லெண்ணெய்க்கு 105 முதல் 120 வரை. கடுகெண்ணெயும் ஏறக்குறைய அதனை அடுத்து நிற்கும். தேங்காயெண்ணெய்க்கோ பத்துக்கு அருகில்தான்! ஆகவே தென்னை மலிந்த தீவில் மலிவாகக் கிடைக்கும் எண்ணெய், சட்டியைப் பழக்குவதற்கு மிகவும் சோம்பலான எண்ணெய். மேலே தங்கி ஈரத்தைத் தடுக்கும். ஆனால் இறுகிப் படலமாகாது. தமிழ்நாட்டில் தோசைக்கல்லுக்கு நல்லெண்ணெயே ஏற்றது என்று பாட்டிமார் வற்புறுத்தியது சுவைக்காக மட்டும் என்று எண்ணியிருந்தோம். அவர்கள் அயோடின் எண்ணை அறியார், கல்லை அறிந்திருந்தார்கள்.

கொல்கத்தா முதலான இடங்களில் வாழும் அன்பர்கள் நல்லெண்ணெய் கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. அவ்வூர்க் கடுகெண்ணெய் இவ்வேலையை ஏறக்குறைய அதே அளவில் செய்து தரும். மணம் பழகினால் போதும்.

வார்ப்பிரும்பைப் பற்றியும் ஒரு சொல் கூறிவிடுகிறேன். அடித்துச் செய்த இருப்புச்சட்டியும் வார்த்துச் செய்த சட்டியும் ஒன்றல்ல. தமிழ்நாட்டின் இரும்புத் தொழில் மிகத் தொன்மையானது. ஆதிச்சநல்லூரில் கிடைத்த இரும்புப் பொருள்கள் உலகறிந்தவை. சிவகளையில் கிடைத்த சான்றுகளைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக்குக் கொண்டுசெல்லும் காலக்கணிப்பைத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்டது. அதுபற்றி அறிஞர் ஆய்வு தொடர்கிறது. எனினும் அந்தப் பழைய உலைகளில் இரும்பு உருகி நீராய் ஓடவில்லை. களியாகத் திரண்டதை அடித்தே பொருள் செய்தார்கள். இரும்பில் கரியின் பங்கு நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு வரை ஏறினால் அது உருகும் வெப்பநிலை 1200 பாகைக்கும் கீழே இறங்கிவிடும், அச்சில் ஊற்றலாம். அதுவே வார்ப்பிரும்பு. நம் நாட்டில் புதிய முறையில் அதனைப் பெருமளவில் செய்ய 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் ஆலை தொடங்கினார். சேலத்துத் தாதும் காட்டுமரக் கரியும் கொண்டு நடந்த அந்த ஆலை, கரிக்குக் காடு போதாமல் சில பத்தாண்டுகளில் நின்றுபோனது. அதன் வரலாறு தனிப் பேச்சுக்கு உரியது.

வார்ப்பிரும்புச் சட்டிக்குச் சூட்டை நெடுநேரம் தாங்கும் குணம் உண்டு; கரி மிகுந்தமையால் நொறுங்கும் குணமும் உண்டு. காய்ந்த சட்டியில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் விரிசல் விழும். விழுந்தால் ஒட்டவைப்பது அரிது. தீவுகளில் இது சிறு செய்தியன்று. சென்னையிலிருந்து அங்கே கப்பல் வழி ஏறத்தாழ 1200 கிலோமீட்டர். மூன்று நாள் அளவான பயணம். சட்டி உடைந்தால் அடுத்த கப்பலை எதிர்பார்த்து நின்ற தலைமுறைகள் உண்டு.

அத்தலைமுறைகளுள் தமிழர் பங்கு பெரிது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் தமிழைத் தாய்மொழி என்று கூறினார்கள். வணிகத்துக்கும் துறைமுக வேலைக்கும் கட்டட வேலைக்கும் சென்றவர்கள் பலர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பியவர்களுள் சிலர் நிக்கோபாரைச் சேர்ந்த கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார்கள். போர்ட் பிளேர் 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றிருக்கிறது. ஊர்ப்பெயர் மாறினாலும் அங்கே காலையில் தோசை சுடும் வீடுகள் குறையவில்லை.

அத்தகைய வீட்டில் ஒரு புதிய வார்ப்பிரும்புக் கல் வந்தால் என்ன செய்வது? முதலில் அதன்மேலுள்ள மணலையும் மெழுகையும் தேங்காய்நார் கொண்டு வெந்நீரில் தேய்த்து அகற்ற வேண்டும். பின் வடிகஞ்சியையோ அரிசி கழுவிய நீரையோ ஊற்றி ஓரிரவு வைப்பது நம் வழக்கம். அது புளித்திருந்தால் இன்னும் நல்லது. அந்த மெல்லிய புளிப்பு இளந்துருவைக் கரைத்துவிடும். ஆனால் நாள்கணக்கில் ஊறவிட்டால் அப்புளிப்பே இரும்பையும் தின்னத் தொடங்கும். மறுநாள் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, உடனே அடுப்பில் ஏற்றி ஈரம் முழுதும் போகும்வரை காயவைக்க வேண்டும். துடைத்தது போதும் என்று எண்ணுவதே பலர் செய்யும் பிழை. வார்ப்பிரும்பின் மேற்பரப்பு நுண்துளைகள் நிறைந்தது. துணி எட்டாத ஈரத்தை நெருப்பு எட்டும்.

காய்ந்த கல்லில் சில சொட்டு நல்லெண்ணெய் விட்டு, பாதியாக நறுக்கிய வெங்காயத்தால் எங்கும் பரவத் தேய்த்து, மீந்த எண்ணெயைத் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். எண்ணெய் இருப்பதே கண்ணுக்குத் தெரியக்கூடாது. புகை எழும்வரை காய்ச்சி, ஆறவிட்டு, மறுபடியும் அவ்வாறே செய்ய வேண்டும். நான்கைந்து முறை செய்தால் கல் கருமை கொள்ளும். அதிகமாக ஊற்றினால் விரைவில் பழகும் என்று நினைப்பவர்களுக்குப் பிசுபிசுப்பான கல்தான் கிடைக்கும். செல்லுலர் சிறையின் தட்டை நினைத்துக்கொள்க.

பிறகு நாள்தோறும் செய்ய வேண்டியது மிகச் சிறிது. சமைத்த பண்டத்தைச் சட்டியிலேயே இரவு வைக்கலாகாது. புளிக்குழம்பும் தக்காளியும் புதிய சட்டியில் வேண்டா. புளிப்பு படலத்தைக் கரைக்கும். கழுவியதும் அடுப்பில் காட்டி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தால் போதும். தில்லியின் குளிர்கால வறட்சியில் ஒரு நாள் தவறினாலும் குற்றமில்லை. மும்பையின் மழைக்காலத்தில் தவறினால் மறுநாள் செந்நிறம் தெரியும். அந்தமானில் மாலைக்குள் தெரியும்.

துருப்பிடித்த சட்டியைக் கண்டு மனம் தளர்ந்து பழைய இரும்புக்காரரிடம் போடுகிறார்கள். இது வேண்டாத செயல். துரு மேலே இருக்கிறது; சட்டி உள்ளே இருக்கிறது. சாம்பலோ செங்கல் தூளோ இட்டுத் தேங்காய்நாரால் தேய்த்தால் சாம்பல் நிற இரும்பு வெளிப்படும். அங்கிருந்து புதிய கல்லைப் போலவே தொடங்கலாம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது கச்சாலும் சௌராவும் பேரழிவுக்கு உள்ளாயின. சௌரா மக்கள் தெரசாத் தீவில் அடைக்கலம் புகுந்தார்கள். உயிர்ச் சேதத்துக்கு முன் பாத்திரத்தைப் பற்றிப் பேசுவது தகாது. எனினும் கடல்நீர் புகுந்த வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் முதலில் தேடுவதும் சமைக்க ஒரு சட்டியைத்தான். கடலில் நனைந்த வார்ப்பிரும்பை அப்படியே தேய்த்துப் பழக்கினால் சில நாளில் மீண்டும் துரு வெடிக்கும். துளைகளில் உப்பு தங்கியிருப்பதே காரணம். நன்னீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கொதிக்கவைத்து, உப்பை வெளியேற்றியபின்பே எண்ணெய்க்குப் போக வேண்டும். கடலடியில் கிடந்த பீரங்கிகளைக் காட்சிச்சாலைக்காரர்கள் மீட்பதும் இதே நெறியில்தான். அவர்களுக்கு மாதங்களும் ஆண்டுகளும் ஆகின்றன, நமக்கு ஓரிரு நாள்.

இத்தனை தொல்லை எதற்கு, ஒட்டாத பூச்சுள்ள பாத்திரம் கடையில் இருக்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. அந்தப் பூச்சு தேய்ந்தால் வீட்டில் மறுபடி பூச முடியாது. இரும்பின் பூச்சோ நம் கையில் இருக்கிறது. உணவில் சேரும் இரும்புச் சத்தையும் எண்ணிப்பார்க்கலாம். எத்தியோப்பியாவில் இரும்புச் சட்டியில் சமைத்த உணவை உண்ட குழந்தைகளிடம் இரத்தசோகை குறைந்ததை ஓர் ஆய்வு கண்டது. 1999இல் லான்செட் என்ற மருத்துவ ஏடு அதனை வெளியிட்டது.

கடைசியாக, கப்பலேறும் சட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீவிலுள்ள மகளுக்கோ மகனுக்கோ பழகிய கல்லை அனுப்ப நினைப்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, வைக்கோலோ பழந்துணியோ சுற்றி, வேறு இரும்போடு மோதாமல் கட்ட வேண்டும். கல் கீழே விழுந்தால் கீறலன்று, இரண்டு துண்டு. மற்றொன்று, கல்லை நன்றாகக் காயவைத்து, சூடு ஆறும் முன்பே இருபுறமும் கைப்பிடியிலும் எண்ணெயைத் தாராளமாகப் பூசிக் காகிதத்தில் பொதிய வேண்டும். மூன்று நாள் கடற்காற்றைத் தாங்க வேண்டியது அந்த எண்ணெய். அது அடுப்பில் இறுகிப் படலமாக வேண்டியதில்லை. காற்றில் பிசினாகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளாமல் இருந்தால் போதும். நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசுக்காகும். இறுகாமல் சோம்பிக் கிடப்பது தேங்காயெண்ணெய். இவ்வேலைக்கு அதுவே ஏற்றது. போய்ச் சேர்ந்ததும் வெந்நீரில் கழுவி, அடுப்பிலேற்றி, முதல் தோசையை வார்க்கலாம்.